கூடமாட

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் திண்டுக்கல் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து நான்கு வருடமாகிறது. கணவர் குடும்பத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து அரைமணி தூரத்தில் 14 ஏக்கர் தோட்டம். கொத்தமல்லி, பீன்ஸ், தக்காளி, கோஸ். இந்தத் தடவை செப்டம்பர் முழுக்க மழையும் குளிரும். இரண்டு தடவை போட்ட பீன்ஸ் முளைக்கவே இல்லை, தோண்டிப் பார்த்தால் விதை கூழாகக் கிடக்கிறது. நாற்றங்காலில் தக்காளி கழுத்தொடிந்து சாய்கிறது. மாமனார் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவர் பயிரை மூட பிளாஸ்டிக் டன்னல் போடலாமா என்று கணக்குப் போடுகிறார். எனக்கு விவசாயம் அவ்வளவாகத் தெரியாது, சும்மா கூடமாட உதவி செய்கிறேன், அவ்வளவுதான்.

மாமியாருக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஊர்ப் பழமொழி ஏதாவது சொல்லு என்றார். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றேன். ஆடியில் இங்கே காய்ந்த புல்தானே இருக்கும் என்று சிரித்துவிட்டார். நம் பழமொழியெல்லாம் இங்கே செல்லாதா ஐயா? இந்தப் பருவத்தை வசந்தம் என்று எழுதலாமா? நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதி வருகிறேன். சேறும் மழையும்கூடப் பார்க்க ஒருவிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள மகளே,

என் வயதுக்கு உன்னை நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடிதம் வந்தால் படித்துவிட்டு வைத்துவிடுகிற ஆள் நான். உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் அலமாரி மேலிருந்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை இறக்கிக் குடைந்துகொண்டிருந்தேன். அதில் இருந்த ஒரு தாளும் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியும் சேர்ந்து இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேட்டதை முதலில் முடித்துவிடலாம். ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. நேட்டாலில் மழை கோடையில் பெய்வது. நம் ஆடி இங்கே நடுக்குளிர்காலம், உன் பக்கத்தில் விடிந்தால் புல்மேல் உறைபனி. சித்திரை இலை உதிரும் காலத்தில் வருகிறது, தைப்பொங்கலுக்கு அடுப்படியில் நிற்க முடியாது. 1860 நவம்பர் 16ஆம் தேதி கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. மார்கழிக் குளிருக்கு என்று யாராவது கம்பளி கொண்டுவந்திருந்தால் வேர்த்தே செத்திருப்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தத் தலைகீழ் பழகிவிட்டது. உனக்கும் பழகும்.

வசந்தம் என்று எழுதாதே. அந்தச் சொல்லை எழுதிய கை சும்மா இருக்காது, அடுத்த வரியில் தென்றல், அதற்கடுத்த வரியில் குயில். செப்டம்பர் ஒன்றாம் தேதி ஸ்பிரிங் டே என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலையில் பூ வைத்துக்கொண்டு போகும், அதோடு சரி. 2024இல் அதே செப்டம்பரில்தான் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் போகிற என்3 சாலையில் லாரிகளும் கார்களும் விடிய விடிய நின்றன. தெற்கே கடலிலிருந்து ஏறி வருகிற குளிர் இந்த மாதத்தில் எப்போது கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இதற்குப் ‘புரட்டாசி மழை’ என்றுதான் பெயர், பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை. சேறு அழகு என்கிறாயே, அது ரப்பர் கம்பூட்டைக் கழற்றிவிட்டு, காலை ஹீட்டர் பக்கம் நீட்டிக்கொண்டு எழுதின வரி. அதை அடித்துவிடு.

டன்னல் போடலாம், கடன் வாங்காமல் முடிந்தால் போடுங்கள். ஆனால் குளிருக்குப் பயந்து எந்நேரமும் மூடி வைத்தால் நாற்றழுகல் வெளியில் பரவுவதைவிட உள்ளே வேகமாகப் பரவும். உன் தக்காளி கழுத்தொடிவது அதுதான். நெருக்கமாகத் தூவியிருப்பாய், சாயங்காலம் தண்ணீர் தெளித்திருப்பாய், ராத்திரி முழுக்க ஈரம் நின்றிருக்கும். காலையில் மட்டும் தெளி, அதுவும் மண் கேட்டால். பீன்ஸை மூன்றாவது தடவையும் இப்போதே போட்டு விதையைத் தொலைக்காதே. மண் 15 டிகிரிக்கு மேல் ஏறட்டும். குளிர்ந்த மண்ணில் விதை தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், முளைக்கிற தெம்பு வருவதற்குள் பூசணம் உள்ளே போய்விடும். நீ பார்த்த கூழ் அப்படி ஆனதுதான்.

சரி, இனி நான் சண்டை போட வேண்டிய இடம்.

‘சும்மா கூடமாட உதவி செய்கிறேன், அவ்வளவுதான்.’ உன் கடிதத்தை நீயே இன்னொரு தடவை படித்துப் பார். இரண்டு தடவை விதைத்ததை எண்ணி வைத்திருப்பது நீ. மழையில் குந்தி மண்ணைத் தோண்டி விதையை விரலால் நசுக்கிப் பார்த்தது நீ. நாற்று மேலே வாடவில்லை, கழுத்தில் ஒடிகிறது என்று கண்டு சொன்னதும் நீ. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் விவசாயி, நீ கூடமாடவா? மாமனாரைக் குறை சொல்லவில்லை. மழையை வெறித்துக்கொண்டு உட்காருகிற ஆணின் வலி எனக்குத் தெரியும், என் அப்பாவும் அப்படி உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தபோது வேலை நின்றதா என்று கேட்டுப் பார்.

எங்களுக்கு வெருலம் பக்கம் குத்தகைத் தோட்டம். அறுபதுகளைச் சொல்கிறேன். புரட்டாசி வந்தால் இந்த ஊர்த் தமிழர்கள் மாதம் முழுக்க மரக்கறிதான் என்பதை இதற்குள் நீ பார்த்திருப்பாய். கொத்தமல்லிக்கும் கீரைக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் நல்ல விலை. இந்தப் பாழாய்ப்போன மழையும் அதே மாதத்தில்தான் வரும். பகலில் அறுத்த கொத்தமல்லி தகரக் கொட்டகைக்குள் குவிந்து கிடக்கும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. தண்ணீர் நிரம்பிய 44 காலன் பீப்பாய் ஒன்று. அம்மா ஒரு கைப்பிடி எடுப்பார், வேரைப் பீப்பாயில் இரண்டு தடவை அலசுவார், தொடையில் தட்டி உதறுவார், மஞ்சள் இலையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுவார், வேரெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க உள்ளங்கையில் ஒரு தட்டு, வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து ஒரு முடிச்சு. ஒரு கட்டு. அதைப் படம் பிடித்திருந்தால்கூட நான் சொல்வதற்குள் ஓடி முடிந்திருக்கும். இருபது கட்டு ஆனதும் பக்கத்திலிருக்கிற டப்பாவில் ஒரு காய்ந்த அவரையைப் போடுவார், ‘டிங்’ என்று கேட்கும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் அந்த ‘டிங்’கை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். (இப்போது குடைந்தது அந்த டப்பா இல்லை, இது வேறு.)

அம்மாவுக்கு எதிரே இன்னொருவரும் உட்கார்ந்து கட்டுவார். ஸூலு அம்மாள், நாங்கள் கோகோ (ஸூலுவில் பாட்டி) என்று கூப்பிடுவோம். அம்மாவும் அவரும் ஸூலுவில்தான் பேசிக்கொள்வார்கள், அம்மாவின் ஸூலு எங்கள் எல்லோருடையதையும்விடச் சுத்தம். கோகோவின் கட்டுக்கு ஏது அவரை? அவருக்கு நாள் கூலி. இத்தனை வருடமாக எழுதுகிறேன், அவரைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. உன்னைத் திட்டுகிற எனக்கே இந்த லட்சணம்.

விடியலுக்கு முன் அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு டர்பன் வார்விக் பக்கத்து விடிகாலை மார்க்கெட்டுக்குப் போவார். 1910இலிருந்து இருக்கிற மார்க்கெட் அது. அவரையை எண்ணி, இருபதால் பெருக்கி, மனதில் வைத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பணமும் செய்தித்தாளும் இருக்கும். கோவிலில் அவரைத் ‘தோட்டக்காரர்’ என்பார்கள். அம்மா ‘தோட்டக்காரர் சம்சாரம்’.

இந்தப் பாதிக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கரும்புத் தோட்டத்து ஒப்பந்தத்தில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி, அரிசி அளப்பதிலும் பாதி. சரி, பெண் பாதி ஆள் என்றே வைத்துக்கொள். 1895இல் சட்டம் போட்டார்கள், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று. அதில் மட்டும் பாதி கிடையாது! ஆணுக்கும் 3 பவுன், பெண்ணுக்கும் 3 பவுன். 1903இல் அதைப் பிள்ளைகளுக்கும் நீட்டியபோது ஆண்பிள்ளைக்கு 16 வயதிலிருந்து, பெண்பிள்ளைக்கு 13 வயதிலிருந்து. கூலி கொடுக்கும்போது அரை ஆள், வரி வாங்கும்போது முழு ஆள், அதுவும் ஆணைவிட மூன்று வயது முன்னாலேயே. வெள்ளைக்காரன் செய்தது என்று இதைக் கூட்டங்களில் முழங்குகிறோம். வீட்டுக்குள் வந்ததும் அதே தராசைத்தானே தூக்குகிறோம்? ‘கூடமாட’ என்கிற சொல் அந்தத் தராசுதான். நீ அதை உன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாய், கூடவே ஒரு ‘சும்மா’, ஒரு ‘அவ்வளவுதான்’.

என் ஆயா உம்கெனி ஆற்றங்கரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1917 அக்டோபர் 28 வெள்ளத்தின்போது எட்டு வயதுப் பிள்ளை. அதுவும் உன் ‘வசந்த’காலம்தான். ‘படவட்டான் ஆறு பேர்’ என்று பெயர் பெற்ற வலைவீசிகள் படகை வெள்ளத்தில் இறக்கி 176 பேரைக் கரை சேர்த்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். ஆயா அதைச் சொல்லிவிட்டு எப்போதும் இன்னொன்றும் சொல்வார். கரையேறியதும் அவருடைய அம்மா முதலில் தொட்டுப் பார்த்தது பிள்ளையை இல்லை, மடியை. சேலை மடியில் மிளகாய் விதையும் கத்தரி விதையும் முடிச்சுப் போட்டிருந்தாராம். ‘என்னைத் தொடவில்லை பார்’ என்று எண்பது வயதிலும் ஆயாவுக்குக் குறைதான். அந்த விதையில்தான் மறுவருடம் சாப்பிட்டார்கள் என்பதையும் அவரேதான் சொல்வார்.

1987 செப்டம்பர் கடைசி வாரம் உன் கணவருக்கு நினைவிருக்காது, மாமனாரைக் கேள். துகேலா ஆற்றின் ஜான் ராஸ் பாலத்தையே அடித்துக்கொண்டு போன வெள்ளம். எனக்கு அப்போது 34 வயது, வாத்தியார் வேலை. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், வீட்டில் இருந்தேன். மழை வலுப்பதற்கு முன் அறுத்த கொத்தமல்லி கொட்டகை நிறையக் கிடக்கிறது. லாரி போக வழியில்லை. அப்பா திண்ணையில். அம்மா மட்டும் சாக்குகளை விரித்து, கட்டின கட்டையெல்லாம் அவிழ்த்துப் பரப்பிக்கொண்டிருந்தார். ஈரத்தோடு அடுக்கிய குவியலுக்குள் கையை விடச் சொன்னார். விட்டேன். வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சூடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும் என்றார். நானும் உட்கார்ந்தேன். கல்லூரியில் படித்த விரல் ஒரு முடிச்சுப் போடுவதற்குள் அவர் நாலு போட்டுவிடுவார். என் கட்டு தூக்கினால் உருவிக்கொண்டு விழும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிக்காமல், ‘தள்ளு கண்ணு, நீ சும்மா கூடமாட இரு, போதும்’ என்றார்.

அந்த ராத்திரி எனக்குக் காது சூடானது உண்மை. ஆனாலும் என்ன புரிந்துகொண்டேன்? ஒன்றும் இல்லை. பிஸ்கட் டப்பாவில் இருந்த தாள் அதற்குச் சாட்சி. அம்மா காலமானபோது நிரப்பிய படிவத்தின் நகல். இறந்தவரின் தொழில் என்ற கட்டத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று இருக்கிறது. எந்த குமாஸ்தாவும் எழுதவில்லை. என் கையெழுத்து, அதுவும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அழகான எழுத்து. அதை மடித்து வைத்துவிட்டுத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

அதனால் மார்க்கெட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கு உன் கணவரிடம் கேள். சண்டையாக வேண்டாம், சோறு போடும்போது கேள். மாமியாரையும் கேள், அவர் இளம்பிள்ளையாக இருந்தபோது ராத்திரிக்கு எத்தனை கட்டு கட்டினார் என்று. தமிழ் பேச வராவிட்டால் என்ன, எண்ணிக்கை வரும். ஆடிப்பட்டம் சொல்லிச் சிரிப்பு வாங்கியதற்கு அதுவே மேல்.

பழமொழி என்று ஏதோ கேட்டிருந்தாய், அதை முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். தாழ்வான பக்கத்தில் மடும்பி நடுங்கள், நம் சேப்பங்கிழங்குக்குத் தங்கச்சி, இந்த ஈரத்துக்கு அது கோபிக்காது. அறுத்த கொத்தமல்லியை ஈரத்தோடு அடுக்கவே அடுக்காதே. அடுத்த கடிதத்தில் இந்த வாரம் நீ எத்தனை கட்டு கட்டினாய், மாமியார் எத்தனை, கூலிக்கு வருகிறவர்கள் எத்தனை என்று தனித்தனியாக எழுது.

அன்புடன்.