உலோக மினியேச்சர் நரிக்கு இயற்கையான நிறம் ஏன் வரமாட்டேன் என்கிறது?

உங்கள் நரி பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரிகிறது என்கிறீர்கள். குப்பியில் இருக்கும் ஆரஞ்சை அப்படியே பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு சின்ன உலோகக் காட்டு முயல் உருவத்தில் இதைத்தான் செய்தேன், அதுவும் மூன்று தடவை.

காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முயல், விரல் நுனி அளவுதான். முதல் தடவை பழுப்பு மட்டும் அடித்தேன், மரத்தில் செதுக்கியது போல ஆகிவிட்டது. அடுத்த தடவை மேலே கறுப்பு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த கறுப்புப் பெயின்ட் விட்டேன், அழுக்குப் பிடித்தது போல ஆனது. மூன்றாவது தடவை அதே பழுப்பில் வெள்ளையைக் கலந்து மேடுகளைத் தூக்கிக் காட்டப் பார்த்தேன், சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளிறிப்போனது. ஒவ்வொரு தடவையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். உலோகம் என்பதால் தாங்கியது.

அப்புறம்தான் நிஜ முயலின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் முதுகில் ஒரு முடிகூட ஒரே நிறத்தில் இல்லை. ஒரே முடியிலேயே கருமையும் மஞ்சளும் பட்டை பட்டையாக வருகிறது, நுனி கறுப்பு. தூரத்தில் இருந்து பார்க்கிற நாம்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பழுப்பு என்கிறோம். சரி என்று அடியில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பைப் பூசி, காய்ந்ததும் மஞ்சள் காவியை டிரை பிரஷ்ஷில், அதாவது பெயின்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷில் விட்டு விட்டுத் தேய்த்தேன். கடைசியில் காவி கலந்த தந்த நிறத்தை முதுகு விளிம்பில் மட்டும். வயிற்றுக்கு மங்கிய வெள்ளை, காது நுனிக்குக் கறுப்பு. அன்று ராத்திரி அந்த முயலை வைத்த இடத்தில் இருந்து எடுக்கவே மனசு வரவில்லை.

உங்கள் செந்நரிக்கும் இதே வழிதான். அடியில் செம்பழுப்பு, மேலே காவி, ஆரஞ்சு கொஞ்சமே கொஞ்சம், தோள் பக்கம் மட்டும். கால்கள் கறுப்புக்குப் பக்கமான பழுப்பு. தொண்டையும் வால் நுனியும் வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பு போதும்.

மேசையில் வைத்துத் தூரத்தில் பார்த்தால் மங்கலாகத்தானே தெரியும், பளிச்சென்ற நிறம் வேண்டாமா என்று சிலர் வருவார்கள். வேறுபாடு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதை வெளிச்சத்திலும் நிழலிலும் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் கற்பனைக் காட்டுக்காக நீல நரி செய்கிறீர்கள் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விற்பனையாளரிடம் பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கின் உலோக உருவம் ஒன்றை வாங்கினேன். அச்சின் இரண்டு பாதியும் நகர்ந்துபோய், முகத்துக் கறுப்புக் கோடு ஓட வேண்டிய இடத்திலேயே ஒரு வரப்பு. கேட்டால் கையால் வார்த்தது, அப்படித்தான் இருக்கும் என்றார். இரண்டு சாயங்காலம் அரம் போட்டேன். கண் பக்கத்தில் செதுக்கியிருந்த முடி முழுக்கப் போய்விட்டது. நல்ல காசு வாங்கிக்கொண்டு இப்படி அனுப்புவது நியாயமே இல்லை.

அரம் போட்டீர்கள் என்றால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம். பூசுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சை மெல்லிசாக அடியுங்கள். அதை விட்டால் மூக்கிலும் காது நுனியிலும்தான் முதலில் பெயின்ட் உரியும். முடித்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்தான், பளபளப்பு வார்னிஷ் அடித்தால் நனைந்த நரி ஆகிவிடும். கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் ஒரு சொட்டு பளபளப்பு வையுங்கள்.