கோயில் மதிலோரம் ஊர்ச்சாலை: எதைக் கேட்டால் கிடைக்கும்?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சோழர் காலத்துக் கற்றளி, அதாவது கல்லாலேயே கட்டிய கோயில். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தெற்கு மதிலிலிருந்து சுமார் நாற்பது அடி தள்ளிப் போகும் சாலைதான் இரண்டு தெருக்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வழி. லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகிவிட்டது. அகலப்படுத்தி சிமெண்ட் சாலை போட நிதி ஒதுக்கினோம். தொல்லியல் துறை ஊழியர் வந்து வேலையை நிறுத்திவிட்டார். ஊர் மக்களின் கோபம் கோயில் பக்கம் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்வது?
— ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: வேலையை நிறுத்தியவர் தம் கடமையைத்தான் செய்திருக்கிறார். அதற்காக அங்கே சாலையே கூடாது என்று ஆகிவிடாது. உங்கள் மதிப்பீட்டில் பழுதுபார்ப்பும் விரிவாக்கமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலாவதற்கு வழி உண்டு. இரண்டாவதற்கு அந்த இடத்தில் வழி இல்லை. இரண்டையும் இன்றே பிரித்துவிடுங்கள்.

பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டம் 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்தத் தூரத்தைக் கருவறையிலிருந்தோ மதிலிலிருந்தோ அளப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். தடைசெய்யப்பட்ட பகுதியில் பொதுப்பணி என்றாலும் புதுக் கட்டுமானத்துக்கு அனுமதி தர முடியாது. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்காக இதைத் தளர்த்தும் மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. இருக்கும் கட்டமைப்பைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். வடிகால் அமைப்பதும் பராமரிப்பதும் ‘கட்டுமானம்’ என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. மாறாக, பக்கவாட்டில் நீட்டுவதும் மேல்நோக்கி உயர்த்துவதும் கட்டுமானம்தான். சாலைக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொண்டு திட்டம் போடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

அகலத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். என் கவலையெல்லாம் உயரம். பழைய சாலையின் மேலேயே ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டுக்கொண்டு போனால் தெரு ஏறிக்கொண்டே இருக்கும், கோயில் பள்ளத்தில் இறங்கும். பிறகு ஊரின் மழைத் தண்ணீரெல்லாம் பிராகாரத்துக்குள்தான் வரும். கும்பகோணம் அருகே தாராசுரம் கோயிலில் முன்வாசல் தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதையும், மழைக்காலத்தில் நந்தியைச் சுற்றிக் குளம்போல் நீர் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். அதிட்டானத்தின், அதாவது கோயிலைத் தாங்கும் அடிப்பீடத்தின், அடிவரிசைக் கல் நீரில் ஊறினால் உப்புப் பூத்து, மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். கல்வெட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. உதிர்ந்த எழுத்தை எந்த நிதி ஒதுக்கியும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி அகற்றிவிட்டு, அதே மட்டத்தில், அதே அகலத்தில் சாலை. இது புதுமையான கோரிக்கை அல்ல. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு தமிழகம் முழுமைக்கும் இப்படித்தான் அறிவுறுத்தினார். அந்த அறிவுறுத்தலை மதிப்பீட்டுடன் இணையுங்கள். சாலையின் சரிவு மதிலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வடிகாலும் அந்தப் பக்கமே. சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்பதற்காக மதிலடியில் வாய்க்கால் தோண்டிவிடாதீர்கள், அடித்தளம் அசையும். அதிர்வு ரோலரும் வேண்டாம். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய கட்டடம் அது. வேலை மெதுவாக நடந்தாலும் அதிர்வில்லாத சாதாரண ரோலரே போதும். இதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது வேலை நாளில் நிற்காது.

அடுத்து லாரிகள். சாலை விரிந்தால் வண்டி கூடும் என்பதற்கு ஹம்பி நல்ல சாட்சி. ஆனெகுந்திக்குப் போகத் துங்கபத்திரையின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியதும், 1999இல் யுனெஸ்கோ ஹம்பியை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கனரக வாகனங்கள் இடிபாடுகளின் நடுவே பாயும் என்பதே முக்கியமான அச்சம். 2006இல்தான் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2009 ஜனவரியில் அந்தப் பாலம் கட்டுமானத்திலேயே இடிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆற்றைக் கடக்க வேண்டிய மக்களின் தேவை நியாயமானதுதான். வழித்தடத்தை முதலிலேயே தள்ளி யோசித்திருந்தால் இத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்காது. நம் பக்கத்திலும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்காக இடிபட இருந்த மானம்பாடி நாகநாதர் கோயில், மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு பாதை மாறியதால் தப்பியது.

உங்கள் சாலையை நாசமாக்குவது பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115இன் கீழ் குறிப்பிட்ட வகை வண்டிகளை ஒரு சாலையில் தடுக்க முடியும். கிராமசபையில் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். லாரிகளுக்கு 300 மீட்டர் எல்லைக்கு வெளியே மாற்றுவழி ஒன்றைப் புல வரைபடத்தில் குறித்து, அந்த மனுவிலேயே சேருங்கள். உயரத் தடுப்பு வைப்பதாக இருந்தால் கழற்றக்கூடியதாக வையுங்கள். தீயணைப்பு வண்டியும் தேரும் அந்த வழியாகத்தானே வர வேண்டும்?

அனுமதிக்கு விண்ணப்பம் சட்டம் குறிப்பிடும் தகுதிபெற்ற அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையத்துக்கு இரண்டு மாதம், அதன்பின் அதிகாரி முடிவெடுக்க ஒரு மாதம். ஐப்பசி மழைக்கு முன் சாலை வேண்டுமானால் வைகாசிக்குள் கோப்பு நகர்ந்திருக்க வேண்டும். அனுப்பும் முன் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மத்திய தொல்லியல் துறை வட்டத்தின் கண்காணிப்புத் தொல்லியலாளரைச் சந்தித்து வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். சாலை மட்டமும் கோயில் தரை மட்டமும் எத்தனை அங்குலம் வேறுபடுகின்றன என்று அளந்து, புகைப்படத்தோடு கொண்டுபோங்கள். நீங்களும் கோயிலுக்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது அந்த அளவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

அனுமதி வந்து வேலை தொடங்கியதும் ஒருவரை மண் தோண்டும் இடத்திலேயே நிறுத்துங்கள். சிலையோ எழுத்துள்ள கல்லோ தட்டுப்பட்டால் வேலையை அப்படியே நிறுத்தி வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். கழுவவோ இடம் மாற்றவோ வேண்டாம்.