மூன்று பொடியன்களோடு ஜேர்மனிக்கு வந்திருக்கிற தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து டோர்ட்முண்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மூத்தவனுக்கு ஐந்து வயது, நடுவிலானுக்கு மூன்று, கடைக்குட்டிக்கு எட்டு மாதம். அம்மாவோ மாமியோ பக்கத்தில் இல்லை. அவர் விடிய வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார். மூன்று ஆண்பிள்ளைகளையும் இந்த நாட்டில் எப்படி வளர்ப்பது, எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும், கடைசியில் தமிழ் மிஞ்சுமா?

நான் நான்கு பொடியன்களின் தாய். மூத்தவன் தொழிற்பயிற்சியில் இருக்கிறான், கடைசி இந்த வருடம் நான்காம் வகுப்பு. நீங்கள் இருக்கிற இதே நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில்தான் எல்லாரையும் வளர்த்தேன். அதனால் இங்கத்தைய நடைமுறைப்படியே எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் சில விதிகள் மாறும்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசாகிவிடும். ஊரில் பிள்ளை வளர்கிறதை நாங்கள் அவனுக்குச் செய்கிற காரியங்களால் கணக்கு வைக்கிறோம்: பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு, பல்லுக்கொழுக்கட்டை, மொட்டை, ஏடு தொடக்கல். இங்கே அவன் தானாகச் செய்கிறதை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். தானே சப்பாத்துப் போடுகிறானா, தானே பள்ளிக்கூடம் நடந்து போகிறானா, நீந்துகிறானா, சைக்கிளில் வீதிக்கு இறங்குகிறானா. கைக்கு உதவி இல்லாத வீட்டில், அதுவும் மூன்று பொடியன்கள் இருக்கிற வீட்டில், இந்த நாட்டுப் பழக்கம் உங்களுக்குப் பெரிய துணை. ஊட்டிவிடுகிறதும் உடுத்திவிடுகிறதும்தான் பாசம் என்று நினைத்து அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

மூத்தவனின் அலுவல்தான் அவசரம். செப்டெம்பர் 30க்குள் ஆறு வயது நிறைகிற பிள்ளை அந்த வருடக் கோடை விடுமுறை முடிந்ததும் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின வருடம் நவம்பர் நடுப்பகுதிக்குள் பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்க வேண்டும். நகரசபையிலிருந்து கடிதம் வரும். இடையில் வந்தவர்களுக்குச் சிலவேளை பிந்தி வரும், ஆகவே காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். பிறகு சுகாதார அலுவலகத்தில் ஒரு பரிசோதனை இருக்கிறது. கண், காது பார்ப்பார்கள், ஒற்றைக் காலில் துள்ளச் சொல்வார்கள், படம் கீறச் சொல்வார்கள். இது பாஸ், பெயில் பார்க்கிற சோதனை இல்லை. அவனுக்கு ஜேர்மன் தெரியாது என்று இரவிரவாகச் சொல் பாடமாக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடம் தொடங்க ஒரு சில மாதமே இருந்தாலும் கிண்டர்கார்டனில் இடம் எடுத்துக் கொடுங்கள். மணல் தொட்டிக்குள் மற்றப் பிள்ளைகளோடு சண்டைபிடித்துப் படிக்கிற பாஷை எந்தப் புத்தகத்திலும் வராது.

முதலாம் வகுப்பு நாள் இங்கே கலியாண வீடு மாதிரி. அம்மம்மா, அப்பப்பா எல்லாரும் வெளிக்கிட்டு வருவார்கள். பிள்ளையின் கையில் அவனில் முக்கால்வாசி உயரத்துக்கு ஒரு மட்டைக் கூம்பு இருக்கும், அதை ஷுல்டூட்டே என்பார்கள். அதற்குள் பென்சில், கலர், சொக்லேட், சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான் போட்டு வாயைக் கட்டுவார்கள். கிண்டர்கார்டனில் பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு அதைச் செய்ய வைக்கிறதும் உண்டு. கடையில் வாங்காமல் அதற்குப் போங்கள். அங்கேதான் மற்றத் தாய்மாரோடு பழக்கம் வரும். நான் ஒவ்வொருவனின் கூம்பிலும் எள்ளுருண்டை கொஞ்சம் வைத்தேன். தம்பிமாருக்கும் ஒரு சின்னக் கூம்பு செய்யுங்கள், ஜேர்மன்காரரும் அப்படித்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் தமையனின் நாளில் தம்பி அழுதுகொண்டு நிற்பான்.

நடுவிலானுக்குக் கிண்டர்கார்டன் இடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2013 ஓகஸ்டிலிருந்து ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கே அந்த உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் உரிமை இருக்கிறதும் இடம் கிடைக்கிறதும் வேறு வேறு. நகரசபையின் இணையப் பதிவில் பல கிண்டர்கார்டன்களுக்குப் போடுங்கள், நேரிலும் போய் முகத்தைக் காட்டுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அத்தாட்சி இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து அது சட்டம். ஒரு வயதுக்கு மேல் ஒன்று, இரண்டு வயதுக்கு மேல் இரண்டு ஊசி. ஊர் கிளினிக் அட்டையைக் கொண்டுவந்திருந்தால் பிள்ளை வைத்தியரிடம் கொடுத்து இங்கத்தைய புத்தகத்தில் பதிவித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு முந்தின இரண்டு வருடத்துக்கும் இந்த மாநிலத்தில் கட்டணம் இல்லை.

சேர்த்த உடனே விட்டுவிட்டு வர முடியாது. முதல் கொஞ்ச நாள் நீங்களும் ஒரு மூலையில் இருக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் வெளியே போய் வரச் சொல்வார்கள், நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சில கிழமைகள் இதிலேயே போகும். கைக்குழந்தையோடு அது அலைச்சல்தான், ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள். அழுதுகொண்டு தொடங்குகிறவன் மாதக்கணக்கில் அழுவான். ஆறுதலாகப் பழகினவன் பிறகு திரும்பியும் பார்க்க மாட்டான்.

அந்தக் கிண்டர்கார்டன் விறாந்தையை ஒருநாள் நின்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொழுவி, கொழுவிக்கு மேலே ஒரு படம்: ஒருவனுக்கு முள்ளம்பன்றி, ஒருவனுக்கு உழவு இயந்திரம். கீழே வீட்டுச் சப்பாத்து, மழைச் சப்பாத்து, சேற்றுக்குப் போடுகிற றப்பர் காற்சட்டை. மூன்று வயதுப் பிள்ளைகள் ஜக்கெட்டை நிலத்தில் விரிப்பார்கள், கழுத்துப் பக்கம் தங்கள் காலடியில் இருக்கும்படி. பிறகு குனிந்து இரண்டு கையையும் கைத்துவாரத்துக்குள் விட்டு, தலைக்கு மேலால் ஒரு வீச்சு. ஜக்கெட் முதுகில் வந்து விழும். இதை வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் பழக்கிவிடுங்கள். குளிர்காலத்தில் மூன்று பேரை வெளிக்கிடுத்துகிற நேரத்தில் அரைவாசி உங்களுக்கு மிச்சம். சாமான் எல்லாவற்றிலும் பெயர் எழுத மறக்காதீர்கள். உடுப்பைப் புதிதாக வாங்கவும் தேவையில்லை. பிள்ளைகளின் உடுப்புக்கென்றே பழைய சாமான் சந்தைகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். சப்பாத்தை மட்டும் ஒவ்வொருவனுக்கும் அவனவன் காலுக்கு அளந்து புதிதாக எடுங்கள்.

காசு அலுவலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிண்டர்கெல்ட் என்று அரசு பிள்ளைகளுக்குத் தருகிற காசு 2025இல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 259. பிந்தி விண்ணப்பித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள், ஆகவே இன்னும் போடவில்லையென்றால் இந்தக் கிழமையே போடுங்கள். அரச மருத்துவக் காப்புறுதியில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் வேலை செய்கிற தாயோ தகப்பனோ வைத்தியரின் கடிதத்தோடு வீட்டில் நிற்கலாம்: 2024, 2025இல் ஒரு பிள்ளைக்கு ஆளுக்கு 15 நாள், மூன்று பிள்ளையென்றால் மொத்தம் 35 நாள் வரை. இதை உங்கள் அவருக்கும் சொல்லுங்கள். தகப்பன் நிற்கிறதை இங்கே யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. பிள்ளை வைத்தியர் பதிகிற மஞ்சள் புத்தகத்தில் இருக்கிற பரிசோதனைகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள், ஐந்து வயதில் வருகிற யூ9 வரைக்கும். ஊரில் பதிந்திருக்காத பேச்சுக் குறைபாடு, கண் பார்வை எல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. 2000ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து இந்த நாட்டில் பிள்ளைக்கு அடி இல்லாமல் வளர்கிற உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கன்னத்தில் ஒன்று, தும்புத்தடியால் ஒன்று என்கிறதெல்லாம் அதற்குள் அடங்கும். ஆண்பிள்ளைக்கு அடிதான் மருந்து என்று எங்கள் ஆட்கள் இன்னும் சொல்வார்கள், கேட்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அடித்து வளர்த்த பொடியன் பதினாலு வயதில் எங்களோடு கதைக்கிறதை நிறுத்திவிடுவான், அந்த வயதில்தான் அவன் கதைக்க வேண்டியது மிக அதிகம். யூகண்ட்அம்ட் என்கிற சிறுவர் அலுவலகத்தைப் பற்றியும் எங்கள் சனத்துக்குள் பயம் கூட. கிண்டர்கார்டன் இடம் ஒழுங்குபண்ணுகிறதும் அவர்கள்தான், வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் உதவிக்கு ஆள் அனுப்புகிறதும் அவர்கள்தான். களைத்துப்போனால் போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நீச்சலை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். இங்கே வடமேற்குப் பக்கம் முழுக்கக் கால்வாயும் குளமும். கோடையில் பதின்ம வயதுப் பொடியன்கள் கூட்டமாகக் கால்வாய்க்குப் போவார்கள், உங்களிடம் கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நீச்சல் வகுப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம், ஆகவே மூத்தவனின் பெயரை இப்போதே கொடுங்கள், நடுவிலானையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் சின்னம் கடற்குதிரை. கரையிலிருந்து குதித்து 25 மீற்றர் நீந்த வேண்டும், தோளளவு தண்ணீரில் ஒரு சாமானைக் கையால் எடுக்க வேண்டும், குளிக்கிற இடத்து விதிகளும் தெரிய வேண்டும். அந்தத் துணிச் சின்னத்தைக் காற்சட்டையில் தைத்துக்கொண்டு பொடியன்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள், தங்கச்சி. கடற்குதிரை எடுத்தவன் நீந்தத் தெரிந்தவன் ஆகிவிடவில்லை என்று உயிர்காப்புச் சங்கத்தாரே சொல்கிறார்கள். அடுத்த வெண்கலச் சின்னத்துக்குக் கால்மணி நேரத்தில் குறைந்தது 200 மீற்றர் நீந்த வேண்டும், இரண்டு மீற்றர் ஆழத்துக்குச் சுழியோடிச் சாமான் எடுக்க வேண்டும், ஒரு மீற்றர் உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். என் நான்கு பேரும் அதை எடுக்கும் மட்டும் நான் தண்ணீர்க் கரையில் ஒருநாளும் குந்தி இருந்ததில்லை, எழும்பி நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நீங்களும் ஒரு பெண்கள் வகுப்பில் சேர்ந்து பழகினால் இன்னும் நல்லது.

சைக்கிளுக்கு அவசரம் இல்லை. எட்டு வயது முடியும்வரை பிள்ளை நடைபாதையில்தான் ஓட வேண்டும், பத்து வயது வரை ஓடலாம். நான்காம் வகுப்பில் பொலிஸ்காரரே வந்து பழக்கிச் சோதனை வைப்பார்கள். என் கடைசி இப்போது அதற்குத்தான் ஆயத்தமாகிறான்: திரும்புகிற பக்கம் கையை நீட்டி, தோளுக்கு மேலால் பின்னே பார்த்து, பிறகுதான் திரும்ப வேண்டும் என்று வீட்டு விறாந்தையிலேயே நடந்து காட்டுகிறான்.

வீட்டுக்குள் மூன்று பொடியன்கள் என்றால் சத்தம் இருக்கும். கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய் அறிமுகமாகிவிடுங்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரையும் இரவு பத்து மணிக்குப் பிறகும் அடக்கமாக இருக்கப் பழக்குங்கள். மற்ற நேரத்தில் பிள்ளை ஓடுகிற சத்தத்துக்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. மழையென்றாலும் நாளுக்கு ஒருதரம் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். ஓடாத பொடியன் இரவு நித்திரை கொள்ள மாட்டான். இன்னொன்று, மூன்று பேரையும் எப்போதும் ஒரு கட்டாகப் பார்க்காதீர்கள். கிழமையில் ஒரு நேரம் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு கடைக்கோ நூலகத்துக்கோ போங்கள். நடுவிலானுக்கு இது மிக முக்கியம். தமையனின் உடுப்பு, தமையனின் சைக்கிள் என்று எல்லாம் இரண்டாம் கையாகக் கிடைக்கிறவனுக்கு அம்மாவின் நேரமாவது முதல் கையாகக் கிடைக்க வேண்டும்.

தமிழ் மிஞ்சுமா என்றால், மிஞ்சும், ஆனால் தன்பாட்டில் மிஞ்சாது. தாய் தகப்பனோடு தமிழ் கதைக்கிற பிள்ளைகள் தங்களுக்குள் ஜேர்மனுக்கு மாறுகிற காலம் வரும். பெரும்பாலும் மூத்தவன் பள்ளிக்கூடம் போனதும் தொடங்கும். பார்த்துக்கொண்டிருக்கக் கடைக்குட்டி தாய்மொழியைத் தமையனிடமிருந்து கேட்காமலேயே வளர்ந்துவிடுவான். அதற்காகத் திட்டாதீர்கள், தமிழ் என்றால் ஏச்சு என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டு மேசையில் ஒருவன் தமையனுக்கு ஜேர்மனில் கதை சொன்னால், "அம்மாவுக்கும் சொல்லு" என்பேன். அதே கதையைத் தமிழில் திரும்பச் சொல்வான். "அம்மா, என்ர ஹவுஸ்ஷூவைக் காணேல்ல" என்று கலந்து வந்தாலும் தமிழிலேயே பதில் சொன்னேன், திருத்தவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மூத்தவனை அனுப்புங்கள், தம்பிமார் தாங்களாகவே பின்னால் போவார்கள். அம்மம்மாவோடு வீடியோவில் கதைக்கிற நேரத்தில் நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்காமல் குசினிக்குப் போய்விடுங்கள்.

ஊர்க் காரியங்களையும் விடாதீர்கள். டோர்ட்முண்டுக்குக் கிட்ட ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. மூத்தவனுக்கு ஏடு தொடக்கவில்லையென்றால் விஜயதசமிக்கு அங்கே போங்கள். கடைக்குட்டிக்குப் பல் முளைத்திருக்கும், இல்லையென்றால் இப்போது முளைக்கும். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை அவித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரிக் குத்தி, அவனை நடுவில் இருத்தித் தலையில் கொட்டுங்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பிவையுங்கள், எதை எடுக்கிறான் பார்ப்போம். கிண்டர்கார்டனில் பழகின தாய்மாரையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். அம்மாவும் மாமியும் இல்லாத வீட்டில் அவசரத்துக்கு உங்கள் மூத்தவனைக் கூட்டிவரப் போகிறவர்கள் அவர்கள்தான்.

பின்னேரம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்க்கிற ஓகேஎஸ் இடத்தையும் பதிகிறபோதே கேளுங்கள். 2026 ஓகஸ்டில் முதலாம் வகுப்புத் தொடங்குகிற பிள்ளைகளிலிருந்து அதற்குச் சட்ட உரிமை வருகிறது. மூத்தவன் பிறந்த மாதம் எது என்று எழுதுங்கள். செப்டெம்பருக்குப் பிறகு பிறந்தவன் என்றால் உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது.