பழைய கார் சீரமைப்பு: இணையத்தில் கிடைக்கும் யோசனை எதை நம்பலாம்? (கேள்வி-பதில்)

தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பன்னிரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது, இன்ஜின் ஜாம். புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தால் விட்டுவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா? (கும்பகோணம் வாசகர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். ஜாம் ஆன இன்ஜினில் செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட்டர் பல் போகலாம், பிஸ்டன் ரிங்கும் உடையலாம். ஹெரால்டில் ஒரு பெரிய வசதி, பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் லேசான ஏடிஎஃப் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு ஒரு வாரம் தொடாதீர்கள், இறங்கியிருந்தால் மறுபடி விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலே போதும், அதே பக்கம் முரட்டுத்தனமாகத் தள்ளாமல் திரும்பவும் பின்னால் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். முழுச் சுற்று வந்ததும் ராக்கர் கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, பிளக் இல்லாமலே சுற்றி உள்ளே நிற்கும் எண்ணெயை வெளியே தள்ளி, இன்ஜின் ஆயிலை மாற்றி, டேங்கில் கோந்தாகிப்போன பெட்ரோலையும் வடித்துவிட்டுத்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும்.

ஹெரால்டு ஹெட் கேஸ்கட் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், ஆனால் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். மெட்ராஸில் தயாரான நம் ஹெரால்டில் 948 சிசி இன்ஜின். அங்கே 1961-லேயே 1147 சிசி வந்துவிட்டது, இன்று அங்கே பேசப்படுவதும் விற்கப்படுவதும் பெரும்பாலும் அதற்கும் அதற்குப் பிந்தைய இன்ஜின்களுக்கும்தான். 948-ன் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 63 மில்லிமீட்டர், 1147-க்கு 69.3. ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே தெரியும் வித்தியாசம். பின்கதவு சாமான் எதையும் அங்கே தேட வேண்டாம், நாலு கதவு பாடி இங்கே உருவானது. சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலசுங்கள், இல்லையென்றால் நல்ல டிங்கரைப் பிடியுங்கள்.

1956 மோரிஸ் மைனரில் எல்இடி பல்பு போட்டேன், எரியவே இல்லை.

உங்கள் வண்டி பாஸிடிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். சாதாரண பல்புக்கு அது பொருட்டில்லை, எல்இடிக்கு உண்டு; பாஸிடிவ் எர்த்துக்கென்று விற்கும் பல்பைக் கேட்டு வாங்குங்கள். ரேடியோ, போன் சார்ஜர் எதையும் யோசிக்காமல் சொருகிவிடாதீர்கள்.

பிரேக் ஆயில் டாட் 5 உசத்தி என்கிறார்களே?

டாட் 5 சிலிகான். ஏற்கெனவே உள்ள டாட் 3, டாட் 4-உடன் கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைகால் வகை. பேர் ஒன்றுபோல் இருப்பதால் இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், பிரேக் விஷயத்தில் குழப்பம் ஆபத்து. டாட் 4 போதும். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுகூட விடாதீர்கள், ரப்பர் வாஷர்கள் ஊதிவிடும்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் பத்மினி கார் கெட்டுப்போகுமா?

இன்ஜினைவிட ரப்பரைக் கவனியுங்கள். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அதை விட்டுவைக்காதீர்கள். முதல் சில வாரம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், டேங்கின் பழைய படிவு கரைந்து வரும்.

விஏ நம்பர் (விண்டேஜ் வண்டிக்கான தனிப் பதிவு எண்) வாங்கினால் தினமும் ஓட்டலாமா?

முடியாது. 2021 விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்.

என் வேலையையும் இணையத்தில் போடலாம் என்று இருக்கிறேன். என்ன எழுத வேண்டும்?

அவசியம் போடுங்கள். தமிழில் இது ரொம்பக் குறைவு, நம் பட்டறை ஆட்களின் கைப்பக்குவம் எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. வண்டியின் வருஷம், மாடல், இன்ஜின் சிசி இவற்றை முதலில் எழுதுங்கள். கழற்றும் முன் எடுத்த போட்டோ, பளபளக்கும் பெயிண்ட் போட்டோவைவிட அடுத்தவருக்குப் பத்து மடங்கு உதவும். எந்த பேரிங், எந்த ஆயில் சீல் பொருந்தியது என்று அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணோடு குறியுங்கள், லேத்தில் கடைந்த புஷ்ஷின் அளவையும் சேர்த்து. பொருந்தாததையும் எழுதுங்கள், இன்னொருவர் அதே சாமானுக்குப் பணம் கொடுக்காமல் தப்பிப்பார்.