'அவசர அழைப்புகள் மட்டும்' என்று காட்டும்போது எந்த எண்ணை அழைப்பது?

கேள்வி: என் பெற்றோர் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறார்கள். அப்பாவின் செல்பேசியில் பல நேரம் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்றே காட்டுகிறது. சில சமயம் ரீசார்ஜும் முடிந்துவிடுகிறது. அப்போது 108-ஐ அழைக்க முடியுமா?

பதில்: அந்த நிலையில், எல்லா அவசர உதவிகளுக்கும் பொதுவான 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். திரையில் அவ்வாறு வருவதன் பொருள் பெரும்பாலும், உங்கள் அப்பாவின் சிம் நிறுவனத்துக்கு அங்கே சிக்னல் இல்லை, ஆனால் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது என்பதே. 112 என்பது அவசர எண் என்று செல்பேசிக்குள்ளேயே பதிவாகியிருப்பதால், அதை அழுத்தியதும் கருவி கிடைக்கிற டவர் எதுவாயினும் அதன் வழியே அழைப்பை அனுப்ப முயலும். ரீசார்ஜ் முடிந்து வெளியழைப்பு நிறுத்தப்பட்டிருந்தாலும் இதற்குத் தடையில்லை. 108-ஐ எல்லாக் கருவிகளும் அப்படி அடையாளம் காண்பதில்லை. சாதாரண எண்ணாகக் கருதிவிட்டால் சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் அழைப்பு போகாது. சிக்னல் சீராக உள்ளபோது ஆம்புலன்சுக்கு 108-ஐயே நேரடியாக அழைக்கலாம்.

எந்த டவரும் எட்டாத இடத்திலும் 112 வேலை செய்யும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். சிம்மே இல்லாத செல்பேசியையும் நம்பியிருக்க வேண்டாம்: அத்தகைய அழைப்பை ஏற்பதா என்பது ஒவ்வொரு நாட்டின் விதியையும் வலையமைப்பையும் பொறுத்தது (பொய் அழைப்புகள் பெருகியதால் ஜெர்மனி 2009-இல் இதை நிறுத்திவிட்டது). அப்படியே அழைப்பு போனாலும், அதை ஏற்கும் கட்டுப்பாட்டு அறையால் திரும்ப அழைக்க முடியாது.

உங்கள் ஊருக்கென்று கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கேரள எல்லை அருகில் இருப்பதால், செல்பேசி பிடிக்கும் டவர் எல்லைக்கு அப்பால் இருக்கவும், அழைப்பு அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவும் வாய்ப்புண்டு. ஆகவே என்ன நேர்ந்தது என்பதற்கு முன்பே மாநிலம், மாவட்டம், எஸ்டேட், டிவிஷன், லைன் வீட்டு எண், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் ஆகியவற்றை இதே வரிசையில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இவை நினைவுக்கு வராது என்பதால், பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். சொந்த நிறுவனத்தின் சிக்னல் இருக்கும்போது அழைத்திருந்தால், பேசிய பிறகு வேறு யாருக்கும் போன் செய்யாமல், திரும்பி வரும் அழைப்புக்காக இணைப்பைக் காலியாக வைத்திருக்க வேண்டும்.

2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் செல்பேசிகளில், எண்ணை அழுத்தாமலேயே 112-ஐ அழைக்கும் அபாயப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை (சில கருவிகளில் ஐந்து முறை) அழுத்த வேண்டும். சில கருவிகளில் இதை அமைப்புகளுக்குள் சென்று இயக்கிவிட வேண்டியிருப்பதால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள். சோதனைக்காக 112-ஐ அழைக்க வேண்டாம். சட்டைப் பையில் பட்டன் அழுந்தி அழைப்பு தானாகப் போய்விட்டால், பயந்து துண்டிக்காமல் "தவறுதலாக வந்துவிட்டது, இங்கே ஆபத்து ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.