வீரரை எடுக்க ரசிகர்கள் திரட்டும் பணம்

உங்கள் கால்பந்து கிளப்புக்கு ஒரு ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரரை, எடுக்க ரசிகர்களிடம் பணம் திரட்டுகிறீர்கள், வீரருடன் பேச்சு முறிந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பித் தருவீர்களா, அடுத்த வீரருக்கு வைப்பீர்களா என்பதை முதல் ஆள் பணம் போடும் முன்பே எழுதிவிடுங்கள். நாங்கள் இப்படித் திரட்டியபோது எழுதவில்லை. கையெழுத்துக்கு முந்தின நாள் வீரர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். நோட்டில் பெயர் பெயராகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று, சிலர் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற தனிக் கணக்கு தொடங்குங்கள். அப்புறம், வீரரை விற்றால் பங்கு தருகிறோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளியாருக்கு அப்படிப் பங்கு தருவதை 2015 மே முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை செய்திருக்கிறது. சீசன் முழுக்கச் சம்பளம் கொடுக்க வழி இருக்கிறதா என்றும் கிளப்பிடம் கேளுங்கள்.