கடலில் போட்ட முதல்

கேள்வி: வயல் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர்கூட இல்லை. சேற்றுத் தீவுகளில் கிடந்த வெனிஸ் எப்படி அவ்வளவு பணக்கார நகரமானது?
- வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: முதலில் உப்பும் மீனும். அப்புறம் 1082-ல், தெற்கு இத்தாலியைப் பிடித்திருந்த நார்மன்களுக்கு எதிராகக் கடற்படை தந்து உதவியதற்காக, கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ் தன் நாட்டில் சுங்கமின்றி வணிகம் செய்ய வெனிஸ்காரர்களுக்கு உரிமை கொடுத்தார்.

ஆனால் என்னைக் கேட்டால், அதைவிடப் பெரியது ‘கொலகான்சா’ என்ற கூட்டு ஒப்பந்தம். ஊரில் இருப்பவர் முதல் போடுவார். இளைஞன் ஒருவன் சரக்கோடு கப்பலேறுவான். திரும்பி வந்ததும் லாபத்தில் முக்கால் பங்கு முதல் போட்டவருக்கு, கால் பங்கு போனவனுக்கு. கப்பல் மூழ்கினால் நஷ்டம் முதல் போட்டவருடையது. பையன் தலையில் கடன் ஏறாது. கையில் காசில்லாதவனும் சில பயணங்களில் தானே முதல் போடும் ஆளாகலாம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு ஏற்பாடா என்று இன்றும் வியக்கிறேன்.

சரி, அவர்கள் விற்றுச் சம்பாதித்த மிளகு எங்கிருந்து வந்தது? மலபார் மிளகுதான். செங்கடல் வழியாக எகிப்தின் அலெக்சாந்திரியா, அங்கிருந்து வெனிஸ். 14-ஆம் நூற்றாண்டில் அரசே துடுப்புக் கப்பல்களைக் கட்டி, வணிகர்களுக்கு ஏலத்தில் குத்தகை விட்டது.

ஆனால் அதற்குள், 1297-ல் தொடங்கி, ஆட்சிப் பெருமன்றத்தின் கதவைச் செல்வாக்குள்ள குடும்பங்கள் தங்களுக்கென்று சாத்திக்கொண்டன. கொழுத்த லாபம் தரும் கடல் வணிகமும் மெல்ல அவர்கள் கைக்கே போனது. கப்பலேறி முன்னேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் என்றே இதைச் சொல்வேன்.